டெங்கியும் ஈரல் எண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரில் தாதியாக வேலை பார்த்தேன். பெரும்பகுதி காய்ச்சல் வார்டுகளில்தான். ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசி ஓயவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு ஹெல்த்ஹப் செயலியில் வந்திருக்கும். டாக்டரைப் பார்ப்பதற்குள் அதைத் திறந்துவிட்டு, வரம்பைத் தாண்டிய எண்ணைக் கண்டு பதறிப்போய் அழைப்பார்கள். தேக்கா சந்தையில் காய் வாங்கும்போதும் கோயில் அன்னதான வரிசையிலும் இதே கேள்விகள்தாம். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் இடத்தில் இதை வைத்துவிடாதீர்கள். அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

டெங்கி கொசுக்கடியால் வருவது. அதற்கு எதற்கு ஈரல் பரிசோதனை?

டெங்கிக் கிருமி ரத்தத்தோடு நிற்பதில்லை. கல்லீரலுக்குள்ளும் புகுந்து அதன் செல்களில் பெருகுகிறது. அதை விரட்ட வரும் நம் எதிர்ப்புச் சக்தியும் அந்தச் செல்களைச் சேர்த்தே அடிக்கிறது. நோய் முற்றி ரத்த அழுத்தம் விழுந்தால் ஈரலுக்குப் போக வேண்டிய ரத்தமும் குறைந்து, அதனாலும் செல்கள் சாகின்றன. நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது நம் கையால் வருவது: அளவு மீறி விழுங்கும் காய்ச்சல் மாத்திரை. அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

செல் உடைந்தால் உள்ளே இருந்த நொதிகள் ரத்தத்தில் கசியும். ஏஎஸ்டி, ஏஎல்டி என்று அறிக்கையில் வருபவை அந்த நொதிகள். அடிபட்டது எவ்வளவு என்று அவை காட்டும். மிச்சமிருக்கும் ஈரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை அவை சொல்லாது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அக்கா, ஊரில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்கிறார்கள். இங்கே ஏஎஸ்டி, ஏஎல்டி. இரண்டும் வேறா?

ஒன்றேதான். எஸ்ஜிஓடி என்பது ஏஎஸ்டியின் பழைய பெயர், எஸ்ஜிபிடி என்பது ஏஎல்டியின் பழைய பெயர். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்றே எழுதுகிறார்கள். அதனால் இந்த இரண்டிலும் குழப்பம் வராது. ஏறக்குறைய 40 வரை சாதாரணம். பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் கொஞ்சம் மாறும், அந்தந்த அறிக்கையிலேயே வரம்பு அச்சாகியிருக்கும்.

குழப்பம் மற்ற எண்களில்தான். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி தன் அறிக்கையைப் படம் பிடித்து ஊரிலிருக்கும் மாமாவுக்கு அனுப்பினார். "பிலிருபின் 14" என்று பார்த்ததும் அங்கே வீடே அழுதது. பிலிருபின் என்பது காமாலையில் ஏறும் மஞ்சள் நிறப் பொருள். ஊரில் அது 1-க்கு மேல் போனாலே மஞ்சள் காமாலையா என்று பார்ப்பார்கள், 14 என்றால் உயிர் போகிற நிலை. ஆனால் இங்கே பிலிருபினை மைக்ரோமோல் கணக்கில் எழுதுகிறோம். 17-ஆல் வகுத்தால் ஊர்க் கணக்கு வரும். அவருடையது 0.8 தான், துளியும் குறையில்லாத எண். இரவு பதினொரு மணிக்கு அவருடைய அம்மாவிடம் போனில் இதை விளக்கினேன். அந்த அம்மா விட்ட மூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் அப்படித்தான்: இங்கே 38 என்றிருந்தால் ஊரில் 3.8. ரத்தத் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், இங்கே 52 என்றிருந்தால் ஊர்க் கணக்கில் 52 ஆயிரம். சாதாரண அளவின் கீழ் வரம்பு இங்கே 150, அங்கே ஒன்றரை லட்சம். ஊருக்கு அறிக்கை அனுப்பினால் எண்ணை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள், அலகும் வரம்பும் தெரிய முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள்.

ஏஎஸ்டி எவ்வளவுக்கு மேல் போனால் ஆபத்து?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் ஒரே வரியில் அடங்காது.

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு கோடு போட்டிருக்கிறது: ஏஎஸ்டியோ ஏஎல்டியோ 1000-ஐத் தொட்டால் அது கடுமையான டெங்கி. அந்தக் கோட்டைத் தாண்டியவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் அதைத் தொடுபவர்கள் மிகச் சிலர். நம்மில் பலருக்கு வருவது 90, 180, 400 போன்ற எண்கள். அவற்றை வைத்து யாருக்கு முற்றும், யாருக்குத் தானாகத் தணியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

இதை இங்கே சிங்கப்பூரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். டான் டோக் செங் மருத்துவமனையில் 2006 முதல் 2008 வரை சிகிச்சை பெற்ற, டெங்கி என்று உறுதியான 690 பேரின் பதிவுகளை மருத்துவர்கள் அலசினார்கள். அவர்களில் 86 விழுக்காட்டினருக்கு ஏஎஸ்டி உயர்ந்திருந்தது, 46 விழுக்காட்டினருக்கு ஏஎல்டி. ஆயிரத்தைத் தொட்டவர்கள் ஏழே பேர். நோய் கடுமையானவர்களின் எண்கள் மொத்தத்தில் உயரமாகத்தான் இருந்தன. ஆனால் லேசாக வந்துபோனவர்களின் எண்களோடு அவை பெருமளவு கலந்து கிடந்தன. கடுமையான நோயாளி ஒருவர், லேசான நோயாளி ஒருவர் என்று இருவரின் ஏஎஸ்டியை மட்டும் காட்டி, யார் கடுமையானவர் என்று கேட்டால், நூற்றுக்கு 62 முறை சரியாக வரும், அவ்வளவுதான். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 முறை வருமே!

அந்த 86 விழுக்காட்டை இன்னொரு முறை பாருங்கள். டெங்கி வந்தால் ஏஎஸ்டி ஏறுவதுதான் வழக்கம். சிவப்பில் வந்த எண்ணைக் கண்டு உங்களுக்கு மட்டும் ஏதோ நேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் டாக்டர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருவர். முதலாமவருக்கு ஏஎஸ்டி எண்ணூறை நெருங்கியது. அவரோ பசிக்கிறது என்று சொல்லி இரண்டாவது தட்டு சோறு கேட்டார். இன்னொருவர் இளைஞர், நூற்றைம்பதைக்கூடத் தாண்டவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் காலையிலிருந்து வயிறு வலிக்கிறது என்றார், இரண்டு முறை வாந்தி எடுத்தார், கை ஜில்லென்றிருந்தது. மதியம் வந்த ரத்த அறிக்கையில் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறியிருந்தது, பிளேட்லெட் பாதியாகியிருந்தது. சாயங்காலம் ரத்த அழுத்தம் விழுந்தது. உடனே டிரிப் ஏற்றி, இரவெல்லாம் பக்கத்தில் நின்று, பிழைத்துக்கொண்டார். எண்ணூறுக்காரர் மூன்று நாளில் வீட்டுக்குப் போனார்.

டெங்கியில் உயிரை வாங்குவது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவு. ரத்த நாளச் சுவர்கள் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே ஒழுகிவிடும். மிஞ்சும் ரத்தம் கெட்டிப்படும், அதைத்தான் ஹீமட்டோகிரிட் ஏற்றம் காட்டுகிறது. இது காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில் நடக்கும். "காய்ச்சல் விட்டது, நிம்மதி" என்று வீட்டில் எல்லாரும் உட்காரும் அந்த நேரமே கூர்ந்து பார்க்க வேண்டிய நேரம். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், மூச்சுத் திணறல், மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஹெல்த்ஹப்பைத் திறந்துகொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தலை சுற்றி விழுந்தாலோ உளறினாலோ 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்கள்.

ஈரல் எண்களை டாக்டர்கள் ஒதுக்கிவிடுவதில்லை. நோயின் எத்தனையாவது நாள், நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, மற்ற எண்கள் எப்படி என்பதோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள். மூன்றாம் நாளிலேயே ஏஎஸ்டி 600 என்பதும், எட்டாம் நாளில் 600-இலிருந்து இறங்கிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல.

ஆல்புமின், ஐஎன்ஆர் என்றும் வருகிறதே?

ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்று காட்டுபவை இவைதாம். என் கருத்தில், ஏஎஸ்டியைப் பார்க்கும் கண் இவற்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ரத்தம் உறைவதற்கான புரதங்களை ஈரல் செய்கிறது. அவற்றில் சிலவற்றின் ஆயுள் சில மணி நேரமே. ஈரல் தளர்ந்தால், ரத்தம் உறைய ஆகும் தாமதத்தைக் காட்டும் எண்ணான ஐஎன்ஆர் ஓரிரு நாளுக்குள் ஏறிவிடும். சாதாரணமாக அது 1-ஐ ஒட்டி இருக்கும். ஏஎஸ்டி ஆயிரக்கணக்கில் இருக்க, ஐஎன்ஆர் 1.5-ஐத் தாண்டி, நோயாளி குழப்பமாகப் பேசத் தொடங்கினால், அது ஈரல் செயலிழப்பின் அறிகுறி. டெங்கியில் இது அரிது, வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுதான்.

ஆல்புமினும் ஈரல் செய்யும் புரதமே. ஆனால் அதன் ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம். ஈரல் இன்று அதைச் செய்வதை நிறுத்தினாலும் நாளைக்கே குறையாது. டெங்கியில் இரண்டு நாளில் ஆல்புமின் சரிந்தால், பெரும்பாலும் அது பிளாஸ்மாவோடு வெளியே கசிந்துவிட்டது என்று பொருள். ஈரல் பரிசோதனைப் பட்டியலில் இருந்தாலும் அங்கே அது காட்டுவது ரத்த நாளக் கசிவை. படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

எனக்கு ஏஎல்டியைவிட ஏஎஸ்டி இரண்டு மடங்கு. குடிப்பழக்கமா என்று கேட்கிறார்கள். நான் தொட்டதே இல்லை.

நம்புகிறேன். மதுவால் கெட்ட ஈரலில் ஏஎஸ்டி மேலே நிற்பது உண்மை, அதனால் அந்தச் சந்தேகம் எழுகிறது. ஆனால் டெங்கியிலும் ஏஎஸ்டிதான் முந்தும். ஏஎல்டி பெரும்பாலும் ஈரலுக்குச் சொந்தம். ஏஎஸ்டி தசையிலும் இதயத்திலும் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. உடம்பையே முறித்துப் போடும் டெங்கி தசையையும் தாக்குவதால் அங்கிருந்தும் ஏஎஸ்டி வரும். காய்ச்சலுக்கு முந்தைய நாள் கடுமையாகப் பாரம் தூக்கியவர்கள், ஜிம்மில் வருத்திக்கொண்டவர்கள், தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில், ஓடிய பையன்கள் ஆகியோருக்கு இன்னும் ஏறும். ஐயமிருந்தால் தசைக்கான சிகே பரிசோதனையைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நரம்பு கிடைக்காமல் தடவித் தடவி எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயிலேயே உடைந்துவிடும். அப்போதும் ஏஎஸ்டி பொய்யாக ஏறும். பரிசோதனைக் கூடம் அதைக் குறிப்பிட்டு அனுப்பும், மீண்டும் எடுப்போம். இரண்டாம் முறை ஊசி குத்த வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எண் இறங்கினால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் ஆம். டெங்கியில் இந்த நொதிகள் ஆறு முதல் ஒன்பதாம் நாள் வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும். ஏஎஸ்டி ஏறக்குறைய 17 மணி நேரத்தில் பாதியாகக் கரையும், ஏஎல்டிக்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதனால் ஏஎஸ்டி முதலில் விழும், ஏஎல்டி சோம்பலாகப் பின்னால் வரும். ஏஎல்டி மட்டும் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு விதிவிலக்கு. நொதி இறங்கும்போது பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறினால், கசிவதற்கு உயிருள்ள செல்லே மிச்சமில்லை என்று பொருளாகலாம். அந்த இறக்கம் நல்ல செய்தியல்ல.

இணையத்தில் எஃப்ஐபி-4 கணக்குப் போட்டேன். ஈரல் சுருங்கிவிட்டது என்று வந்தது!

அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டாலும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தாலும் வகுக்கும் கணக்கு அது. நாள்பட்ட ஈரல் நோயில் தழும்பு எவ்வளவு என்று ஊகிக்க உருவாக்கியது. டெங்கியில் ஏஎஸ்டி மேலே பாய்கிறது, பிளேட்லெட் கீழே விழுகிறது, கணக்கு வானத்துக்குப் போய்விடும். தழும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. வைரஸ் தொற்றின் கடுமையைக் கணிக்க இதே கணக்கை ஆய்வாளர்கள் பயன்படுத்திப் பார்க்கிறார்கள், அது வேறு கேள்வி. உங்களுக்கு உண்மையான எஃப்ஐபி-4 வேண்டுமென்றால் குணமாகிச் சில மாதம் கழித்துப் போடுங்கள்.

எனக்கு ஏற்கெனவே கொழுப்பு ஈரல் இருக்கிறது. ஹெப்படைடிஸ் பி இருப்பவர்களுக்கு?

இருவருமே முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பழைய ஏஎல்டி 70 என்று தெரிந்தால்தான் இன்றைய 110-க்கு என்ன பொருள் என்று புரியும்.

சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி 1987 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் தங்களுக்கு அந்தக் கிருமி இருக்கிறதா என்றே அறியாமல் இருக்கலாம். டெங்கி போன பிறகும் வாரக்கணக்கில் ஏஎல்டி இறங்காவிட்டால் அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பனடால் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், கணக்கு வைத்துக்கொண்டு. பனடாலில் இருப்பது பாரசெட்டமால். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால், பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. ஈரல் எண் ஏறியிருந்தால், உடல் எடை குறைவாக இருந்தால், சாப்பாடே இறங்கவில்லை என்றால், டாக்டர் இன்னும் குறைப்பார், நிறுத்தவும் சொல்வார்.

மாட்டிக்கொள்பவர்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் தெரியுமா? கிளினிக்கில் கொடுத்த பாரசெட்டமால் ஒரு பக்கம், வீட்டில் இருந்த பனடால் ஒரு பக்கம், சளிக்கு வாங்கிய மாத்திரை இன்னொரு பக்கம். மூன்றிலும் ஒரே மருந்து! அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்லோஃபினாக், பொன்ஸ்டன் ஆகிய வலி மாத்திரைகளைத் தொடவே வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு?

என் பாட்டியும் காய்ச்சி ஊற்றியவர்தான், அதனால் ஏளனமாகப் பேச மாட்டேன். பப்பாளி இலையால் பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் உண்டு. நோய் முற்றுவதை அது தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பிளேட்லெட் எண்ணை ஏற்றினால் ஆள் தப்பிவிடுவார் என்பதும் சரியல்ல. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிளேட்லெட் 20-க்குக் கீழே போனவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியும் ரத்தக்கசிவு குறையவில்லை. அடிபட்ட ஈரலுக்கு மூலிகைச் சாறு கூடுதல் சுமை ஆகலாம். வாந்தி வந்தால் நீரிழப்பும் கூடும். குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் இவற்றைத் தாராளமாகக் குடியுங்கள்.

மற்ற வைரஸ் தொற்றுகளிலும் இதே கதையா?

கோவிட்-19-இலும் ஏஎஸ்டி ஏறியவர்களும் ஆல்புமின் குறைந்தவர்களும் அதிகம் சிரமப்பட்டார்கள். ஆனால் முடிவெடுக்க முதலில் பார்த்தது ரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் அளவை. ஹெப்படைடிஸ் ஏ-இல் ஏஎல்டி ஆயிரக்கணக்கில் போயும் பெரும்பாலோர் முழுதாகக் குணமாவார்கள். அங்கே கடுமையைக் காட்டுவது ஐஎன்ஆரும் மனத்தெளிவும்.

தங்கும் விடுதியில் இருக்கிறேன். பக்கத்தில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 2020-இல் இங்கே 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது, கோவிட் பரவிய அதே ஆண்டு. தனியாகக் காய்ச்சலில் படுத்திருந்த தம்பிகளை நினைத்துப் பார்க்கிறேன்.

காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கைபேசியில் குறித்து வையுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அறைத் தோழர் ஒருவரிடம் மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள். மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் காய்ச்சல் விட்டாலும் போங்கள். விடுப்புக்குத் தயங்காதீர்கள், மருத்துவச் சான்றிதழை டாக்டர் தருவார். முதல் ஒரு வாரம் கொசு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். உங்களைக் கடித்த கொசுதான் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் கடிக்கும்.

ஈரல் எப்போது பழைய நிலைக்கு வரும்?

பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு வாரத்தில் எண்கள் இறங்கிவிடும், தழும்பும் தங்காது. அதுவரை மதுவைத் தொடாதீர்கள். ஜிம் மாவு, எடை குறைக்கும் மாத்திரை, புதுச் சூரணம் எதையும் தொடங்காதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பொது மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ ஒரு முறை ரத்தம் கொடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்யாமல் போங்கள். இல்லாவிட்டால் ஏஎஸ்டி மறுபடி ஏறியிருக்கும், நீங்களும் மறுபடி எனக்குப் போன் செய்வீர்கள்.